நிறையாத முதல் வளையம்

என் அம்மா இமயமலையைப் பார்த்ததில்லை. வடக்கே அவள் போன தூரம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வரைக்கும்தான். ஆனால் இமாசலத்தில் ஒரு மலையின் மேல்சரிவில் நிற்கும் நாற்பது தேவதாரு மரங்களின் வயதை ஒவ்வொரு வருஷமாக எண்ணிப் புள்ளி வைத்தவள் அவள்தான். இதை நான் நிறைய நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியே ஆகவேண்டிய சமயம் வந்தபோது, சொல்லக் கூடாத விதத்தில் சொன்னேன். அதை இப்போது எழுதுகிறேன். எழுதினால் மனசு லேசாகிவிடும் என்ற நம்பிக்கையெல்லாம் எனக்குக் கிடையாது.

எங்கள் ஊர் திண்டிவனத்திலிருந்து பெருமுக்கல் போகும் பஸ்ஸில் பாதி வழி. காலனியில் ஒரு தொகுப்பு வீடு, அதில் அம்மாவும் நானும். நான் பத்தாவது படிக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மா களை எடுப்பாள், நாற்று நடுவாள், பருவம் வந்தால் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, ஆயப் போவாள். நான் தினமும் ரயிலில் விழுப்புரம் போய்வந்து தாவரவியல் படித்தேன். பிறகு ஒரு நுழைவுத் தேர்வு எழுதி, உதவித்தொகையோடு வடக்கே ஒரு மலையூரில் ஆராய்ச்சி செய்ய இடம் வாங்கினேன். ஊசி ஊசியாக இலை விடும் மரங்களைப் பற்றிய ஆராய்ச்சி என்று தெருவில் எல்லாருக்கும் விளக்கினேன்.

"அந்த மரம் காய்க்குமா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்.

"காய்க்கும்க்கா. கட்டை மாதிரி, கூம்பு கூம்பா."

"துன்னலாமா?"

"முடியாது."

"அப்பறம் அதுல இன்னாத்தப் படிக்கப் போற? இங்க வேப்பமரம் எத்தினி கெடக்குது!"

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். அன்றும் வந்தது. விருட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி என்பது பின்னால்தான் உறைத்தது.

அதற்கான பதிலை இங்கேயாவது சொல்லிவிடுகிறேன். தேவதாரு ஒவ்வொரு வருஷமும் தன் உடம்பைச் சுற்றி ஒரு வளையம் போடும். வசந்தத்தில் வெளிர் நிறத்தில் தொடங்கி, கோடை முடிவதற்குள் கருத்துப்போய் நிற்கும். வெளிறும் கருப்பும் சேர்ந்தால் ஒரு வருஷம். குளிர்காலத்தில் நல்ல பனி விழுந்தால் அந்த வசந்தத்தில் தொடங்கும் வளையம் அகலமாக இருக்கும், பொய்த்தால் மெலிந்துபோகும். நமக்கு ஏரி எப்படியோ அந்தக் காட்டுக்குப் பனி அப்படி. கொஞ்சம் கொஞ்சமாக உருகித்தான் வேருக்கு வரும். இப்போது வருஷத்துக்கு வருஷம் அந்தப் பனி குறைகிறது. குறைந்தால் முதலில் வாடப்போவது மலையின் கீழ்ச்சரிவு மரங்களா, மேல்சரிவு மரங்களா என்பதுதான் என் கேள்வி.

மரத்தை வெட்டாமலே வளையத்தைப் பார்க்க வழி இருக்கிறது. நெஞ்சு உயரத்தில் ஒரு துளைக்கருவியைத் திருகித் திருகி உள்ளே செலுத்தினால், பட்டையிலிருந்து நடுமரம் வரைக்கும் பென்சிலைவிட மெல்லிய ஒரு குச்சி கிடைக்கும். அதை உடையாமல் கூல்டிரிங்க்ஸ் குடிக்கும் குழலில் போட்டுக் கொண்டுவர வேண்டும். பட்டைப் பக்கத்திலிருந்து எண்ணினால் இந்த வருஷம், போன வருஷம், அதற்கும் முந்தைய வருஷம் என்று முந்நூறு வருஷம்கூடப் பின்னால் போகலாம். கீழ்ச்சரிவுக் குச்சிகளை ஐப்பசியில் எடுத்து, நானே எண்ணியும் முடித்தேன். மேல்சரிவுக்குப் பாதை திறப்பதே பனி உருகின பிறகு என்பதால், அங்கே அடுத்த ஆனியில்தான் போக முடிந்தது. இந்த இரண்டு மாதங்களையும் படிக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

மேல்சரிவுக் குச்சிகளை எண்ண உட்காரும் நேரம் பார்த்துக் கொரோனா வந்தது. விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள். மரத்துக்கு இரண்டாக எடுத்த எண்பது குச்சிகளையும் ஒரு பெட்டியில் அடுக்கி எடுத்துக்கொண்டு, ரயில்கள் நிற்பதற்கு முதல் நாள் கிளம்பினேன். திண்டிவனம் பைபாஸில் போலீஸ்காரர் ஒருவர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஒரு குழலை எடுத்து மோந்து பார்த்தார். "ஊதுவத்தி வியாபாரமாம்மா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

திண்டிவனத்துத் தச்சர் ஒருவரிடம் சொல்லி, குச்சிகளை ஒட்டிவைக்கப் பள்ளம் வெட்டிய சட்டங்கள் செய்து வாங்கினேன். ஹார்டுவேர் கடையில் சொரசொரப்பில் ஆரம்பித்து நைசு வரைக்கும் உப்புத்தாள் வாங்கி, ஒவ்வொரு குச்சியாக ஒட்டித் தேய்த்தேன். வீடு முழுக்க தேவதாரு வாசனை. "பூசைல தூபம் காட்டின மாதிரி இருக்குது" என்றாள் அம்மா. தேய்த்து முடித்து எண்ண உட்கார்ந்த அன்றே எனக்கு மெட்ராஸ் ஐ வந்தது. இரண்டு கண்ணும் ஒட்டிக்கொண்டு திறக்கவே வரவில்லை. மேடம், அதாவது என் ஆராய்ச்சி கைடு, அடுத்த மாதத்துக்குள் எண்ணிக்கை வேண்டும் என்று மெயில்மேல் மெயில் போட்டுக்கொண்டிருந்தார். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு புலம்புவதைப் பார்த்துவிட்டு அம்மா சொன்னாள்:

"இன்னாத்தயோ எண்ணணும், அவ்ளோதானே? எங்கிட்ட குடு. வேலைவெட்டி இல்லாம சும்மாத்தானே குந்திக்கினு இருக்கேன்."

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எண்ணத் தெரியும். மல்லாட்டை ஆய்கிற கூட்டத்தில் பொழுது சாய்ந்ததும் காயை மரக்காலால் அளப்பார்கள். நிலத்துக்காரருக்கு இத்தனை, ஆய்ந்தவர்களுக்கு இத்தனை என்று பிரிப்பது அந்த அளவை வைத்துத்தான். அளக்கிறவர் மேல் இரண்டு பக்கத்துக்கும் நம்பிக்கை வேண்டும். எங்கள் பக்கத்தில் பல வருஷமாக அளந்தது அம்மாதான். முதல் மரக்காலை யாரும் ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். 'லாபம்' என்பார்கள். அடுத்தது ரெண்டு, மூணு என்று போகும்.

திண்டிவனத்தில் வாங்கின படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேலே ஒரு பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, அம்மா என் தேவதாருக்களையும் அப்படித்தான் எண்ணினாள். "லாபம், ரெண்டு, மூணு..." நான் கண்ணை மூடிக்கொண்டு படுத்தபடியே சிரித்தேன். பத்து வளையத்துக்கு ஒரு புள்ளி, ஐம்பதுக்கு இரண்டு, நூறுக்கு மூன்று என்று ஒருதரம்தான் சொன்னேன். "பட்டைகிட்ட இருக்கறது நாங்க துளை போட்ட வருஷம்மா. அங்கேர்ந்து உள்ளாற போ" என்றும் சொன்னேன். எண்ணத் தொடங்குகிற இடத்தில் அவளாகவே பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டாள். மெலிந்த வளையம் வந்தால், "பாவம், இந்த வருசம் இன்னா பேஜாரோ அதுக்கு" என்று மரத்துக்காகப் பரிதாபப்படுவாள்.

கண் சரியானதும் பத்துக் குச்சிகளை அவள் கோட்டிலிருந்து திரும்ப எண்ணிப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. மயிரிழை போல ஒரு வளையம், நான் பார்க்காமல் தாண்டினதை அவள் பிடித்திருந்தாள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. மீதி எழுபதையும் அவளிடமே விட்டுவிட்டேன். நான் கணினியில் அந்தக் கோட்டிலிருந்தே வளையங்களின் அகலத்தை அளந்து, கோட்டை ஒட்டி வருகிற முதல் வளையத்துக்குத் துளை போட்ட வருஷத்தைக் கொடுத்தேன்.

இரண்டு சரிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது அந்த அதிசயம் வந்தது. கீழ்ச்சரிவு மரங்கள் பனி பொய்த்த அதே வருஷத்தில் மெலிந்திருந்தன. மேல்சரிவு மரங்கள் அதற்கு அடுத்த வருஷத்தில் மெலிந்திருந்தன. எல்லா மரமும், எல்லாப் பஞ்சத்திலும், சொல்லிவைத்தாற்போல ஒரு வருஷம் தள்ளி. ஒரு வருஷம் நகர்த்தினால் சரியாகப் பொருந்துகிறது என்று கணினி சொன்னால், முதலில் சந்தேகப்பட வேண்டியது எண்ணிக்கையைத்தான். இது அந்தத் துறையில் முதல் வாரப் பாடம். நானும் சந்தேகப்பட்டேன், அரை நாள். இன்னும் ஐந்து குச்சிகளை எடுத்து, மறுபடியும் அம்மாவின் கோட்டிலிருந்தே எண்ணி, சரியாக இருக்கிறது என்று வைத்துவிட்டேன்.

மேடத்திடம் போனில் சொன்னதும் அவர் குரலே மாறிவிட்டது. மேல்சரிவு மரங்கள் வேரிலும் மண்ணிலும் சேமித்து வைத்துக்கொண்டு ஒரு வருஷம் சமாளிக்கின்றன, அடுத்த வருஷம்தான் அடி தெரிகிறது என்று அவரே காரணமும் கண்டுபிடித்தார். கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது! பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது எங்கள் இரண்டு பேருக்கும். விழுந்தது பழம்தானா என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை. கட்டுரை எழுதினோம், வெளிவந்தது. பாராட்டினார்கள். என் ஆய்வேட்டின் நாலாவது அத்தியாயம் அதுவேயானது. மற்ற மூன்றும் அதற்குப் போடப்பட்ட படிக்கட்டுகள் மாதிரிதான். நன்றி சொல்கிற பகுதியில் அம்மாவைப் போடலாமா என்று ஒருதரம் நினைத்தேன். எண்ணினது யார் என்று மேடம் கேட்பாரே என்று விட்டுவிட்டேன்.

உதவித்தொகை முடிந்ததும், ஆய்வேட்டை எழுதி முடிக்க ஊருக்கே வந்துவிட்டேன். சமர்ப்பிக்க இரண்டு மாதம் இருந்தது. பட்டம் வந்தால் வேறொரு நிறுவனத்தில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அம்மா தெருவில் எல்லாரிடமும், "எம் பொண்ணு டாக்டர் ஆவப்போறா, ஊசி போடற டாக்டர் இல்ல, மரத்துக்கு டாக்டர்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாலாவது அத்தியாயத்துக்கு ஒரு படம் தேவைப்பட்டது. மேல்சரிவுக் குச்சி ஒன்றை எடுத்து, இன்னும் நைசான உப்புத்தாளால் தேய்த்து, புதிதாக வாங்கின நுண்ணோக்கியில் வைத்தேன். காலை பத்து மணி இருக்கும். பட்டைக்கும் அம்மாவின் பென்சில் கோட்டுக்கும் நடுவில் வெளிறின ஒரு கீற்று தெரிந்தது. இரண்டாவது குச்சியை வைத்தேன். அதிலும் இருந்தது. பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கோட்டுக்கு வெளியே அந்தக் கீற்று.

ஆனியில் எடுத்த குச்சிகள். மரம் அந்த வருஷத்து வளையத்தைப் போட ஆரம்பித்து, கால்வாசிகூட முடிக்காத சமயம். கருப்பு வந்து மூடவில்லை. ஆனாலும் அது அந்த வருஷத்து வளையம். அதை விட்டுவிட்டுக் கோடு போட்டால், போன வருஷத்து வளையத்தை இந்த வருஷம் என்று எண்ணினதாக ஆகும். அங்கிருந்து முந்நூறு வருஷமும் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போகும். மேல்சரிவு மரங்கள் எதையும் சேமிக்கவில்லை. தாமதமாக வாடவும் இல்லை. கீழே இருக்கிறவை எப்போது பட்டினி கிடந்தனவோ அப்போதேதான் இவையும் கிடந்தன.

அம்மா வெளியே துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டேன். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"இந்த வெள்ளையா இருக்கறத ஏம்மா வுட்டுட்டே?"

"அது கொறதானேடி. முழுசா நெறயவே இல்லியே."

"கொறயா இருந்தா இன்னா? அதுவும் ஒண்ணுதானே?"

அம்மா என்னைப் பார்த்த பார்வையில், இது என்ன கேள்வி என்கிற ஆச்சரியம்தான் இருந்தது. "கடைசில மிஞ்சறது கொறயா இருந்தாலே மரக்கால் கணக்குல சேராது. இது மொத மொதல்ல வர்றது. லாபம்னு சொல்ற எடத்துல யாராவது கொறய வெப்பாங்களா? வெச்சா வெளங்குமா? தலை கட்டி, குமிஞ்சி நிக்கறதா பாத்துத்தான் லாபம்னு ஆரம்பிக்கணும்." சொல்லிவிட்டு, பக்கெட் தண்ணீர் வழிகிறது என்று வெளியே ஓடினாள்.

அவளிடம் நான் வேறு எதுவும் சொல்லவில்லை. அந்த மரங்கள் பாதி வளையத்தோடு நிற்கும் என்று நான் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஐப்பசியில் எடுத்த குச்சிகளில் எல்லாம் முழு வளையமாக இருந்ததால் எனக்கே அது தோன்றவில்லை. தோன்றவில்லை என்பது சமாதானம் ஆகாது. மாதத்தைக் குறித்துவைத்த நோட்டு என் கையிலேயே இருந்தது. படித்தவள் நான்.

ஒன்பது நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். சோறு இறங்கவில்லை. "இன்னாடி, ஒடம்பு சரியில்லியா?" என்று அம்மா நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். இதைச் சொன்னால் நாலாவது அத்தியாயம் போச்சு, அது போனால் பட்டம் தள்ளிப்போகும், வேலை வேறு யாருக்காவது போகும், மேடம் முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. எண்பது குச்சியும் என் வீட்டில். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்பார்கள், நான் மறைக்க வேண்டியது ஒரு கீற்றுதானே? படத்தில் பட்டைப் பக்கத்தை வெட்டிவிட்டுக் கோட்டிலிருந்து ஆரம்பிக்கும்படி செய்தும் பார்த்தேன். படம் ரொம்ப அழகாக வந்தது. அதை ஆய்வேட்டிலும் ஒட்டினேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒட்டினேன்.

பத்தாம் நாள் மேடம் வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். பிளாஸ்டிக் பைகளில் வரிசை வரிசையாகத் தேவதாருக் கன்றுகள். எங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, மேல்சரிவில் மரம் நடுகிறவர்கள் திட்டத்தையே மாற்றியிருக்கிறார்களாம். நல்ல பனி விழுந்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் பார்த்து நடப்போகிறார்கள். கன்றுகள் கோவேறு கழுதைமேல் மலையேறத் தயார் என்று சந்தோஷமாக எழுதியிருந்தார். பனி விழுந்த அதே வருஷத்தில் நட வேண்டிய கன்றுகள் அவை. அடுத்த வருஷம் பனி பொய்த்தால் அத்தனையும் காய்ந்துவிடும். அந்தச் சரிவில் ஒரு மரம் என் இடுப்பு உயரம் வருவதற்கே எத்தனை வருஷம் ஆகும் என்று எனக்குத் தெரியும். போனை எடுத்து உடனே கூப்பிட்டேன். யோசித்திருந்தால் கூப்பிட்டிருக்க மாட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் கேட்டது:

"யார் எண்ணினது?"

அந்த இடத்தில் எனக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் தேவைப்பட்டது. என் அம்மா எண்ணினாள், பாதி வளையத்தைப் பற்றி நான் அவளுக்குச் சொல்லவில்லை. இதில் கஷ்டமான வார்த்தை எதுவும் இல்லை. ஆனால் என் அம்மா எண்ணினாள் என்று சொன்னால், உன் அம்மா என்ன படித்திருக்கிறார் என்று அடுத்த கேள்வி வரும். களை எடுக்கிறவள் எண்ணின கணக்கையா கட்டுரையில் போட்டோம் என்று அவர் நினைப்பார். அத்தனை வருஷம் அந்த ஊரில் நான் எதை யாருக்கும் தெரியாமல் காப்பாற்றி வைத்திருந்தேனோ அது போய்விடும். எனக்கு அவளைப் பற்றி வெட்கமாக இருந்தது. இதைவிடத் தெளிவாக இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"உதவிக்கு ஒருத்தர் இருந்தார் மேடம்" என்றேன்.

"பயிற்சி எடுத்தவரா?"

"இல்லை."

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. அது நிம்மதிப் பெருமூச்சு. "அப்படியென்றால் அதையே எழுது. பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பலாம். நடுகிறவர்களிடம் நான் பேசுகிறேன்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. கன்றுகளை அன்றைக்கே நிறுத்திவைத்தார். ஆய்வேட்டுக்கு ஆறு மாதம் கூடுதல் அவகாசம் வாங்கித் தந்தார். வேலை தருவதாகச் சொன்னவர்களிடமும் அவரே பேசி, காத்திருக்க ஒப்புக்கொள்ள வைத்தார். நேர்மையாக முன்வந்து சொன்ன மாணவி என்று என்னைப் பற்றி அவர்களிடம் சொன்னாராம்.

திருத்தம் வெளிவந்தது. மூன்றே வரி. மேல்சரிவு மரங்களின் ஆண்டுகள் ஒன்று தள்ளிக் குறிக்கப்பட்டுவிட்டன, பயிற்சி பெறாத உதவியாளர் ஒருவரின் எண்ணிக்கைப் பிழையே காரணம், முடிவுகள் திரும்பப் பெறப்படுகின்றன. ஆங்கிலத்தில் அந்த வரியை எழுதினது நான்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எண்பது குச்சி, பல ஆயிரம் வளையம், ஒன்றைக்கூடத் தவறவிடாமல் எண்ணிக்கொடுத்தபோது கட்டுரையில் அம்மாவுக்கு இடம் இருக்கவில்லை. தப்பு என்றதும் ஒரு வரி கிடைத்துவிட்டது.

அது வெளிவந்த வாரம் ஒரு நாள் மத்தியானம், அம்மாவும் நானும் வாசலில் உட்கார்ந்து விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தோம். நிலத்துக்காரர் வீட்டு விதை. அம்மா உடைத்துப் போடும் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியாது.

"டாக்டர் பட்டம் ஏன் தள்ளிப்போய்டுச்சி? அன்னிலேர்ந்து கேக்கறேன், ஒண்ணும் சொல்ல மாட்டன்ற" என்றாள்.

"கணக்குல ஒரு தப்பும்மா. பழைய கட்டுரை தப்புன்னு எழுதிக் குடுத்துட்டோம். திருப்பிப் பண்ணணும்."

"இன்னா தப்பு?"

"எண்ணினதுல."

"யாரு எண்ணினதுல?"

"உதவிக்கு இருந்த ஆளு எண்ணினதுலன்னு எழுதிருக்கோம்" என்றேன். அவளுக்குப் புரிந்துவிடும், திட்டுவாள், நானும் அழுது தீர்த்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அம்மா உடைப்பதை நிறுத்தினாள்.

"அந்தக் கீழ்மரத்த எண்ணறதுக்கு அங்க கூலிக்கு ஆள் வெச்சிருந்தியா?"

நான் கையிலிருந்த காயை உடைத்தேன்.

"இப்டி இப்டி எண்ணணும்னு அந்த ஆளுக்கு மொதல்லயே சொல்லிக் குடுத்தியா நீ?"

"எல்லாம் சொல்லல."

"சொல்லாம வுட்டது நீ. இன்னாத்துக்கு அவங்க மேல போட்டே?" அவள் குரல் ஏறியது. "படிச்சிட்டா எவ தலைல வோணா கட்டிடலாமா? நம்மள எத்தினி வாட்டி அப்டிச் சொல்லிருக்காங்க, அளந்தவ சரியா அளக்கல, அளந்தவ சரியா அளக்கலன்னு! இப்ப நீயே அத எழுதிக் குடுத்துட்டு வந்து குந்திக்கினு இருக்கியா? பாவம், யாரு பெத்த புள்ளையோ. அதுக்கு அந்த வேலையும் போய்ட்டா சோத்துக்கு இன்னா பண்ணும்? ஜல்தியா போன் பண்ணி, தப்பு என்னுதுதான்னு சொல்லு. எழுந்திருடி!"

அம்மா என்மேல் அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. நான் எழுந்திருக்கவில்லை.

"நீதாம்மா அது" என்றேன். "மேல் மரத்துலதான் தப்பு. நீ அந்தக் கொறய எண்ணாம வுட்டல்ல, அதுதான். நான்தான் உங்கிட்ட சொல்லியிருக்கணும், சொல்லல. ஆனா எழுதறப்போ உன் மேல எழுதிட்டேன்."

அவள் முறத்தில் கிடந்த தோலை ஒதுக்கினாள். ஒதுக்கினதையே இன்னொரு தரம் ஒதுக்கினாள்.

"என் பேரு போட்டியா?"

"இல்லம்மா. பேரு போடல."

"அப்ப வுடு" என்றாள். குரல் இறங்கிவிட்டது, பழைய குரல். "எனக்கு இன்னா, அங்கயா வேலை போய்டப் போவுது."

மறுபடியும் உடைக்க ஆரம்பித்தாள். அந்த முகம் தெரியாத கூலிக்காரருக்காகச் சற்றுமுன் வந்த கோபத்தில் கொஞ்சமாவது தனக்காக வரும் என்று நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. என் பங்கு மல்லாட்டையையும் அவள் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"என்னைத் திட்டும்மா" என்றேன்.

"இன்னாத்துக்கு?" என்றாள்.